மறையாத ஹில்டிங்கின் வண்டு

போர்ஹோல்ம், 4 நவம்பர் 2002

வெண்டேலா,

தன்னுடைய இரங்கல் குறிப்பைத் தானே படிக்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்கு நேற்று காலை கிடைத்தது, ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்துத் தபாலையெல்லாம் ஸ்வேயா ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தாள். பல் மருத்துவர் சங்கத்தின் சந்தா பாக்கி, விதைக் கடை விளம்பரம், அதற்கடியில் நீ ஆசிரியராக இருக்கிற நம் பூச்சிச் சங்கத்தின் ஆண்டு மலர். பிரித்தால் என் வண்டு. படம் நன்றாக வரைந்திருக்கிறாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைசிப் பத்தியில் இப்படி இருக்கிறது: "இதைக் கண்டறிந்த, மறைந்த நண்பர் ஹில்டிங் ஓகெர்லிண்டின் நினைவாக இவ்வினத்துக்கு ஹில்டிங்கி என்று பெயரிடுகிறேன்." கரண்டியை வைத்துவிட்டு மணிக்கட்டில் நாடி பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து மாடியேறி என் பெட்டியைத் திறந்தேன். வண்டுகளைக் குத்தி வைத்த ஊசிகள் இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள்.

நான் மூன்று கோடை பார்த்த வேலை அது. கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசி மேட்டில் மண்டியிட்டு மண்டியிட்டு என் கால்சட்டை எதுவும் வீட்டுக்குள் வர அனுமதி இல்லாமல் போனது. ஆனால் முதல் வண்டைப் பிடித்தது நானில்லை, ஸ்வேயா. கோடை விழா அன்று அவள் விரித்த மேசைத் துணியில் அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "ஹில்டிங், இங்க பாரு, சட்டை பத்தாம வயிறு தெரிய ஒருத்தன் ஓடுறான், உன் ஆளா?" என்று கேட்டு, என் புகையிலை டப்பியில் தட்டிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் தொட்ட ஒரே பூச்சி அதுதான். குட்டைச் சிறகு வண்டுகளுக்கு அவளைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வருகிற ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அன்றைக்கு இந்த வண்டுக்கு ஸ்வேயா பெயரை லத்தீன் முறையில் 'ஸ்வேயே' என்று வைத்து, அச்சடித்த தாளை அவள் கையில் கொடுப்பதாக இருந்தேன். உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இதைச் சொல்லியிருந்தேன். காற்று அதிகம் என்று எங்கள் தீவுப் பாலத்தை மூடி, காருக்குள் நாம் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோமே, அப்போது. அந்த ஆள் நீ.

முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும், வைத்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று எனக்குப் பாடம் எடுக்காதே. அது தெரிந்துதான் கேட்கிறேன். ஏன் செய்தாய்?

இன்னும் மறையாத
ஹில்டிங்


லுண்ட், 15 நவம்பர் 2002

அன்புள்ள ஹில்டிங்,

அன்புள்ள என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

ஜூலையில் கால்மார் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது உங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. ரத்தத்தில் கிருமி ஏறி, மூச்சுக்கு இயந்திரம் வைத்திருந்தார்கள். வராந்தாவில் ஸ்வேயா உங்கள் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொல்லி டாக்டர் அப்போதுதான் போயிருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "மனுஷன் மூணு வருஷமா அந்த வண்டையே கட்டிக்கிட்டு அழுதான். பாதியில விட்டுட்டுப் போறான் பாரு. நீ எடுத்துட்டுப் போயி முடிச்சிரும்மா. அவன் பேரை வை" என்றார். அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பெட்டியைத் திறந்து வண்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

'இல்லை ஸ்வேயா, அது உங்கள் பெயருக்கென்று எடுத்து வைத்தது' என்று சொல்லியிருக்க வேண்டும். ரகசியம் உங்களுடையது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மைதான், ஆனால் அது பாதிதான்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். முப்பது வருஷமாக இந்த அருங்காட்சியகத்தில் மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுகிறேன். ஒவ்வொரு இனத்தின் பெயருக்குப் பின்னாலும் அதை விவரித்தவரின் குடும்பப் பெயர் வரும். என் பெயர் ஒன்றின் பின்னாலும் இல்லை. உங்கள் வண்டுகளை மடியில் வைத்து ரயிலில் வந்தபோது அதைத்தான் நினைத்தேன். நீங்கள் செத்துக்கொண்டிருந்தீர்கள், நான் என் பெயரை நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

நீங்கள் கண் திறந்துவிட்டீர்கள் என்று ஸ்வேயா போன் செய்தபோது தாள்கள் அச்சாகிவிட்டன, இன்னும் மலராகக் கட்டவில்லை. அச்சகம் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நிறுத்தியிருக்கலாம். நான் போகவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை.

வெண்டேலா


போர்ஹோல்ம், 8 டிசம்பர் 2002

வெண்டேலா,

நாற்பது வருஷம் பல் பிடுங்கியவன் நான். பிடுங்குவதற்கு முன்னால் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிடுவேன். நீ பிடுங்கிவிட்டுச் சொல்கிறாய்.

இங்கே நிலவரம் என்ன தெரியுமா? ஸ்வேயா உன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். 'மறைந்த' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டாள். தபால்காரர், முடி வெட்டுகிறவள், முட்டை கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். "என் வீட்டுக்காரன் இப்போ ஒரு வண்டு!" என்கிறாள். போன வாரம் பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இறக்கை இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு, மடிச்சு வச்சிருக்கு, இவன் மாதிரியே சோம்பேறி" என்றாள். நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். வேறென்ன செய்வது.

உண்மையைச் சொன்னால், தான் கேட்டதால்தான் தன் பெயர் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அவள் தலையில் ஏற்ற மாட்டேன். ஆகவே இந்த வீட்டில் நான் ஒருவன்தான் கோபமாக இருக்கிறேன், அதுவும் சத்தம் போடாமல். உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். குங்குமப்பூ ரொட்டியும் அனுப்ப வேண்டாம். வண்டுகளைத் திருப்பி அனுப்பு. எல்லாவற்றையும், இந்த இனத்துக்கே சான்றாக, மூல மாதிரியாக நீ தேர்ந்தெடுத்த அந்த ஆண் வண்டையும் சேர்த்து. அவை என்னுடையவை.

ஹில்டிங்


லுண்ட், 26 ஜனவரி 2003

அன்புள்ள ஹில்டிங்,

வண்டுகள் இன்னும் வரவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். மூன்று வாரமாகப் பெட்டி கட்டப்பட்டு என் மேசைமேல் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்று சொல்கிறேன்.

மூல மாதிரிக்குச் சிவப்புச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். கட்டுரையில் அது எங்கே பாதுகாக்கப்படுகிறது என்று நான் எழுதியதை அப்படியே சீட்டில் போடலாம் என்று மலரை எடுத்தேன். எழுதவில்லை, ஹில்டிங். எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த புது விதி உங்களுக்கும் தெரியும். மூல மாதிரி எந்தத் தொகுப்பில் இருக்கும் என்று எழுதாவிட்டால் பெயர் செல்லாது. பெயரே வைக்காத மாதிரிதான். எப்படி விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'லுண்ட் அருங்காட்சியகம்' என்று போடக் கை வரவில்லை, அது உங்கள் வண்டு. 'ஓகெர்லிண்டின் தொகுப்பு' என்று போடுவதானால், உங்களுக்குப் பிறகு பெட்டிகள் எங்கே போகும் என்று ஸ்வேயாவிடம் கேட்க வேண்டும். வராந்தாவில் செருப்போடு உட்கார்ந்திருக்கிறவரிடம் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வரியைக் காலியாக விட்டு வைத்தேன். பிறகு அது காலியாக இருப்பதே மறந்துவிட்டது.

போன வருஷம் ஊமியோவிலிருந்து ஒரு இளைஞர் அனுப்பிய கட்டுரையை இதே குறைக்காகத் திருப்பி அனுப்பினேன். 'விதிகளைப் படிக்க நேரமில்லாதவர்கள் பெயர் வைக்க அவசரப்படக் கூடாது' என்று எழுதினேன். நல்ல வாக்கியம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

இதுவரை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மலரில் விட்டுப்போன அந்த ஒரு வரியை நானே சேர்த்துவிட்டால் போதும், பெயர் நிலைத்துவிடும், உங்கள் பெயரும் பின்னால் என் பெயரும். அல்லது என் கட்டுரை செல்லாது என்று நானே அறிவிக்கலாம். அப்போது வண்டுக்குப் பெயர் இல்லை, நீங்கள் நினைத்த பெயரை நீங்கள் வைக்கலாம். ஆசிரியர் தன் கட்டுரையையே செல்லாது என்று அறிவித்த கதை எங்கள் துறையில் ஒரு தலைமுறைக்குப் பேசப்படும்.

மூன்று வாரம் ஏன் எழுதவில்லை என்றால், உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். எதைச் செய்யட்டும்?

வெண்டேலா


போர்ஹோல்ம், 3 பிப்ரவரி 2003

வெண்டேலா,

எதைச் செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. 'போகட்டும் விடு' என்று நான் சொல்வேன், நீ நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்க்கிறாய். சொல்ல மாட்டேன். 'அறிவித்துவிடு' என்றும் சொல்ல மாட்டேன், பிறகு உன் மானத்தை வாங்கியவன் நானாகிவிடுவேன். கட்டுரை உன்னுடையது.

இன்னொன்றும் தெரிந்துகொள். இந்தக் கடிதம் கோணல்மாணலாக இருப்பது வயசால் இல்லை. அந்த இயந்திரத்தோடு கிடந்த பிறகு வலது கை நடுங்குகிறது. ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து உறுப்பை எடுத்துப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தில் எவனையும் அடையாளம் சொல்ல முடியாது. மயிரிழைக் கொக்கியை நான் இப்போது பிடித்தால் வண்டு ஒரு பக்கம், அதன் மானம் ஒரு பக்கம் என்று பறக்கும். காபிக் கோப்பையையே பாதிதான் நிரப்பித் தருகிறாள் ஸ்வேயா. பெயர் வைக்கலாம் என்று நீ விட்டுக்கொடுத்தாலும் வைக்க எனக்குக் கை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். உனக்குச் சளி என்று சொன்னேன். உனக்காகப் பொய்யும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் பார்.

ஹில்டிங்


லுண்ட், 2 மார்ச் 2003

அன்புள்ள ஹில்டிங்,

இத்துடன் இருப்பது சங்கத்தின் வசந்த இதழுக்கான அச்சுப்படி. ஒரே பத்தி. 'சென்ற மலரில் என்னால் வெளியிடப்பட்ட ஹில்டிங்கி என்னும் பெயர், மூல மாதிரி இருக்கும் இடம் குறிப்பிடப்படாததால் செல்லாது. தவறு முழுவதும் என்னுடையது. மேலும், ஓகெர்லிண்ட் நலமாக இருக்கிறார்.' கடைசி வாக்கியம் தேவையில்லை என்று அச்சகத்தில் சொன்னார்கள். இருக்கட்டும் என்றேன்.

ஆசிரியர் பொறுப்பை விட்டுவிட்டேன். ஊமியோ இளைஞருக்கும் எழுதினேன். 'சரி, இனிமேல் நாம் இருவரும் விதிகளைப் படிப்போம்' என்று ஒரு அட்டை அனுப்பியிருக்கிறார். அதைப் படித்து ரொம்ப நேரம் அழுதேன்.

அருங்காட்சியகக் காபி அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் முதல் நாள் கோப்பையை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கைக்குப் பதிலாக என் கையை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனில் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், அறுத்துப் பார்த்து வரைகிறேன். கட்டுரை உங்கள் பெயரில் மட்டும் வரட்டும். நன்றி சொல்லும் பகுதியில்கூட என் பெயர் வேண்டாம். ஜூனுக்குள் அச்சாகிவிடும். மூல மாதிரி இருக்கும் இடத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை எழுதுவேன்.

வெண்டேலா


போர்ஹோல்ம், 9 ஏப்ரல் 2003

வெண்டேலா,

படம் வந்தது. இந்த முறை முன்னதைவிட நன்றாக இருக்கிறது, உறுத்தல் உன் கைக்கு நல்லது போலிருக்கிறது. திருத்தம் இரண்டுதான். சிறகுறையில் உள்ள புள்ளிகளை அடர்த்தி என்று எழுதாதே, அடர்த்தியில்லை, ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. கால் 'பழுப்பு' என்று போட்டிருக்கிறாய். அது ஆறிப்போன காபியின் நிறம். அப்படிப் போட விட மாட்டார்கள், தெரியும். 'வெளிர்பழுப்பு' என்று போடு.

நன்றிப் பகுதியில் உன் பெயர் இருக்கும். இதில் வாதாட வேண்டாம், கட்டுரை என்னுடையது.

நேற்று போனில் நீ சிரித்தாய். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன். நானும் சிரித்துவிட்டேன், பிறகுதான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பது நினைவு வந்தது. ஸ்வேயா பக்கத்து அறையிலிருந்து "யாரு, வெண்டேலாவா? சளி போயிடுச்சான்னு கேளு" என்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வசந்த இதழைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். ஜூன் மாதம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

ஹில்டிங்


போர்ஹோல்ம், 30 ஜூன் 2003

அன்புள்ள வெண்டேலா,

கல்யாண நாள் விழா முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. போன் வந்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. எழுதினால்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

தோட்டத்தில் மேசை போட்டிருந்தோம். பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை, இறால் அடுக்கிய பெரிய சாண்ட்விச் கேக், ஸ்வேயாவின் தங்கைகள், பாதிரியார், பழைய நோயாளிகள் நாலைந்து பேர். நான் எழுந்து நின்று மேசைத் துணியில் ஓடிய வண்டின் கதையைச் சொன்னேன். ரிப்பன் கட்டிய கட்டுரையை அவள் கையில் கொடுத்து, "இது இனிமே ஸ்வேயே. உலகம் இருக்கிற வரைக்கும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னை முத்தமிட்டாள். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

மறுநாள் காலை தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்போ உன் பேரு வச்ச வண்டு எங்க?"

"ரெண்டும் ஒரே வண்டுதான். அந்தப் பேரு செல்லாதுன்னு ஆயிடுச்சு. இப்போ உன் பேரு."

"செல்லாதுன்னு யாரு சொன்னது?"

"வெண்டேலாதான் அறிவிச்சா. ஒரு குறை இருந்துச்சு. ஆனா அவ அதை எனக்காகத்தான் பண்ணினா. உன் பேரை நான் வைக்கணும்னு."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த அந்தத் தாளைப் பார்த்தாள். ஏழு மாதமாக ஊரே பார்த்த தாள்.

"அந்த வராந்தாவுல உட்காந்திருந்தப்போ யோசிச்சேன் ஹில்டிங். நமக்குப் புள்ள இல்ல. நீ பாத்த பல்லெல்லாம் விழுந்துரும். நீ போயிட்டா உன்னோடதுன்னு எது மிஞ்சும்? அதான் அவகிட்ட கேட்டேன். நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டவ இல்ல, உனக்கே தெரியும். அம்பது வருஷத்துல உனக்குன்னு நான் வாங்கிக் குடுத்த ஒரே பொருள் அது. அதைப் புடுங்கி எனக்கே பரிசா குடுத்திருக்கே."

"உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்..."

"ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் கேட்கவில்லை, வெண்டேலா. ஏழு மாதம் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாவது நான் செத்துப்போகிறேன் என்று நினைத்துச் செய்தாய். அவள் உயிரோடு என் எதிரில் இருந்தாள்.

அவள் அழுதுவிட்டு, அந்தத் தாளைக் கிழிக்காமல் உரித்து எடுத்து, எங்கேயோ உள்ளே வைத்துவிட்டாள். அது முதல் ஒழுங்காகத்தான் பேசுகிறாள். காபி தருகிறாள், பாதிக் கோப்பைதான். கதவில் இப்போது ஒன்றுமில்லை. யார் வந்தாலும் அவள் சமையலறைக்குக் கூட்டிப் போவதில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று நாள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு நம் கட்டுரையை வரிவரியாகப் பார்த்தேன். எங்காவது ஒரு ஓட்டை இருந்தால் நானே அறிவித்து இதையும் செல்லாததாக்கிவிடலாம் என்று. ஒன்றும் இல்லை. நீ இந்தத் தடவை ஒரு தப்பும் விடவில்லை.

அவளுக்கு உன்மேல் கோபமில்லை. உன்னை வரச் சொல்கிறாள். சீக்கிரம் வா. தனியாக அவள் எதிரில் உட்கார என்னால் முடியவில்லை.

ஹில்டிங்